வயிறு குறையவா, முதுகு தாங்கவா?

தவறு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் பெரிய பெண் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பீரோவில் இருந்த பழைய சுடிதாரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். "ஏம்மா, பாப்பா வெளியே வந்து மூணு மாசம் ஆகப் போகுது. வயிறு மட்டும் ஆறு மாசம் மாதிரியே இருக்கே!"

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? பள்ளிக்கூடத்துல டிரில் கிளாஸ்ல நாங்க செஞ்சதைச் சொல்லித் தரேன். மல்லாந்து படு, கையைத் தலைக்குப் பின்னால கோத்துக்கோ, எழுந்து உட்காரு, மறுபடி படு. தினம் இருபது தடவை செஞ்சா வயிறு ஒட்டிப் போயிடும்" என்று சொன்னவள் நானேதான். சொன்னதோடு நில்லாமல், அவள் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணவும் செய்தேன்.

பத்து நாள் கழிந்தது. அன்றைக்கு அவள் பாட்டுக்குத் தானே செய்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் எழும்பும்போது, தொப்புளுக்கு மேலும் கீழுமாக நடு வயிறு, கவிழ்த்து வைத்த படகு போல மேடாகக் கூம்பி எழுந்தது. படுத்ததும் அடங்கிவிட்டது. மறுபடி எழுந்தாள், மறுபடியும் கூம்பியது!

"வலிக்குதாடி?" என்றேன்.

"வலி இல்லம்மா. முதுகுதான் இழுக்குது. அப்புறம்..." என்று தயங்கி, என் காதருகில் வந்து, "எழும்பும்போது கொஞ்சம் சொட்டு சொட்டா வந்துடுது" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊரில் உள்ள பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அங்கே தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு வீட்டில் செய்து பார்த்ததையும்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன்.

பெட்டி போன்ற நடுவுடம்பு

அந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என் பெண்ணைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்கே வைத்து அழுத்திப் பார்த்தார். இரண்டரை விரல் உள்ளே போயிற்று!

"பயப்படாதீங்கம்மா. வயித்துக்கு முன்னால நீளவாக்கில் ரெண்டு தசை இருக்கு. ரெண்டையும் நடுவுல ஒரு நார் சேர்த்துப் பிடிச்சிருக்கு. குழந்தை வளரும்போது அந்த நார் அகலமா இழுபடும். கர்ப்பம் நிறைஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட எல்லாருக்கும் இந்த இடைவெளி வரும். பிரசவத்துக்கு அப்புறம் பலருக்குத் தானாவே குறையும். சிலருக்கு உதவி தேவைப்படும். இப்ப இவங்க எழும்பும்போது நடுவுல கூம்புதுன்னா, அந்த வேலையைத் தாங்குற பலம் இன்னும் வரலைன்னு அர்த்தம்" என்றார்.

பிறகு ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். நாம் 'வயிறு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு பெட்டி போன்றது.

பெட்டிக்கு மூடி, உதரவிதானம். நாம் மூச்சை இழுக்கும்போது கீழே இறங்குவது இதுதான். பெட்டிக்கு அடித்தட்டு, இடுப்புத் தளத் தசைகள். கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தொட்டில் துணி மாதிரி கீழிருந்து தாங்குகின்றன. பெட்டியைச் சுற்றி எல்லாவற்றிற்கும் உள்ளே இருப்பது குறுக்குத் தசை. பிரசவம் ஆனதும் நம் பாட்டிமார் வயிற்றில் துணி கட்டிவிடுவார்களே, இது இயற்கையே கட்டிவைத்த துணி! பின்பக்கம், முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் அடுத்த கணுவோடு பிடித்து நிறுத்தும் சிறு தசைகள் உண்டு. இவை நான்கும் உள்கூட்டம்.

வெளிக்கூட்டம் வேறு. முன்னால் மார்புக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை ஓடும் நேர்த் தசை. விலாப் பக்கங்களில் சாய்வாக ஓடும் சாய்வுத் தசைகள். இடுப்பின் பின்பக்கத்து ஓரங்களில் சதுரமாக ஒரு தசை. முதுகை நிமிர்த்துகிற நீளத் தசைகள்.

உள்கூட்டம் முக்கியமாகப் பிடித்து நிறுத்தும், வெளிக்கூட்டம் பிடிக்கவும் செய்யும், வளைக்கவும் திருப்பவும் செய்யும். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

1996-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்களாம். தசைக்குள் மெல்லிய கம்பி முனைகளைச் செலுத்தி, அது எப்போது விழிக்கிறது என்பதைக் கருவியில் பதிந்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் கையைச் சட்டென்று தூக்குவது மட்டும்தான். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்குக் கைத் தசை வேலை தொடங்குவதற்கு முன்பே வயிற்றின் குறுக்குத் தசை இறுகிவிட்டது. இடுப்பு வலிக்காரர்களுக்கோ அது தாமதமாக இறுகியது!

மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறோம். நம்மைக் கேட்காமலே உள்ளே ஒருவர் நடுவுடம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒருவர் அசந்துவிட்டால் பாரம் முதுகுக்குப் போகிறது. எவ்வளவு சின்ன வேலை, அதற்குள் எவ்வளவு பெரிய ஏற்பாடு!

அப்படியானால் சிட்-அப் என்ன செய்கிறது?

நான் சொல்லிக் கொடுத்தேனே, அந்த எழுந்து உட்காரும் பயிற்சி, அதில் முதலில் வேலை செய்வது முன்பக்கத்து நேர்த் தசை. தோள்பட்டை தரையை விட்டு எழும்பும் வரைக்கும்தான் அதன் ஆட்சி. அதற்குமேல் முழுவதுமாக எழுந்து உட்காரும் வேலையைத் தொடையையும் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் இணைக்கிற தசைகள் எடுத்துக்கொள்கின்றன. அவை முதுகெலும்பைப் பற்றி இழுப்பதால்தான் என் பெண்ணுக்கு முதுகு இழுத்தது. நான் வேறு பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்! அது அந்தத் தசைகளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்பவர் இதைக் கணக்கிட்டிருக்கிறார். ஒருமுறை முழுதாக எழுந்து உட்காரும்போது கீழ் முதுகை அழுத்தும் விசை சுமார் 3,300 நியூட்டன். நம் கணக்கில் சொன்னால் 330 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் பதின்மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல! நல்ல பலமுள்ள இளவட்டங்கள் தாங்கிக்கொள்ளலாம். பச்சை உடம்புக்காரிக்கு எதற்கு இந்தச் சோதனை?

இன்னொரு விஷயம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கி எழுந்தால் பெட்டிக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் இளக்கமான இடம் எது என்று தேடும். முன்னால் நார் தளர்ந்திருந்தால் அங்கே கூம்பும். அடித்தட்டு தளர்ந்திருந்தால் அங்கே சொட்டும். என் பெண்ணுக்கு இரண்டுமே நடந்தது.

ஒரு பொய்யும் ஒரு பஸ் பயணமும்

"இருமினா, தும்மினா, சிரிச்சா சிறுநீர் வருதா?" என்று என் பெண்ணைக் கேட்டார் டாக்டரம்மா. தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படிம்மா?" என்றார்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன்.

வரும் வழியில் பஸ்ஸில் என் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கும்தானே அம்மா. தும்மல் வந்தா நீ காலைப் பின்னிக்கிட்டு நிக்கிறதைச் சின்ன வயசிலேயே பார்த்திருக்கேன்."

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இருபது வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆரம்பத்தில் ஒருமுறை மாமியாரிடம் சொன்னபோது, "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். இதைப் போய் வெளியில சொல்லிக்கிட்டு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அவர் மாமியார் அப்படித்தான் சொல்லியிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிரிப்பு வந்தால் அடக்குவது - இருபது வருஷம்! அடுத்த முறை போனபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது நிறையப் பேருக்கு இருக்கும்மா. ஆனா இதுதான் விதின்னு இருக்க வேண்டியதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்க" என்றார்.

கையை வைத்துப் பாருங்கள்

அவர் எங்களுக்குச் சொன்ன முக்கியமான பாடம் இது: எந்தப் பயிற்சி செய்தாலும் எந்தத் தசை விழிக்கிறது என்று கை வைத்துப் பார். நீ நினைத்த தசை விழிக்காமல் வேறொன்று இழுத்தால், எண்ணிக்கையைக் கூட்டிப் பயன் இல்லை.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. மூச்சோடு வயிற்றை ஒடுக்குதல். விழிப்பது: குறுக்குத் தசை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் எலும்பு முனை தட்டுப்படும். அதிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, சற்றுக் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள். விலா விரியட்டும். பிறகு 'ஸ்ஸ்...' என்று மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளே ஒடுக்குங்கள். விரலுக்கடியில் தோல் மெல்ல இறுகினால் சரி. விரலை வெளியே தள்ளிக்கொண்டு மேடாக எழுந்தால், முக்குகிறீர்கள் என்று பொருள். பாதிப் பலம் போதும். ஒவ்வொரு தடவையும் ஐந்து எண்ணும் நேரம், பத்து தடவை.

2. தளத் தசையை உயர்த்துதல். விழிப்பது: பெட்டியின் அடித்தட்டு. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிப் பரவிய பயிற்சி இது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை அடக்குவது போலவும் சேர்த்து மேல்நோக்கி இழுங்கள். ஆசனச் சதையோ தொடையோ இறுகக் கூடாது. அங்கே கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து எண்ணிவிட்டு முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான்! ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், அது கூடாது.

3. பாலம். விழிப்பது: ஆசனச் சதை, தொடையின் பின்புறம், முதுகின் நீளத் தசைகள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைத் தூக்குங்கள். முழங்காலிலிருந்து தோள் வரை ஒரு சரிவுப் பலகை போல இருக்க வேண்டும். ஆசனச் சதையில் கை வையுங்கள், கல் போல இருக்க வேண்டும். அது தொளதொளவென்று இருந்து முதுகு மட்டும் வலித்தால், அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறீர்கள். இறக்கிக்கொள்ளுங்கள். எட்டு தடவை.

4. மல்லாந்த பூச்சி. விழிப்பது: முன்பக்கத்து நேர்த் தசையும் குறுக்குத் தசையும், ஆனால் வளைக்க அல்ல, பிடித்து நிறுத்த. ஆங்கிலத்தில் இதற்கு 'டெட் பக்' என்று பெயர், செத்த பூச்சி! கரப்பான் மல்லாந்து கிடப்பது போலக் கைகளையும் மடக்கிய கால்களையும் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே ஒரு குதிகாலை மட்டும் தரையைத் தொடவிட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். பிறகு மறு கால். கீழ் முதுகுக்கும் பாய்க்கும் இடையே ஒரு கையைச் செருகிப் பாருங்கள். கால் இறங்கும்போது முதுகு வில்லாக வளைந்து கை மீதிருந்து விலகக் கூடாது. புதிதாகத் தாயானவர்கள் காலைத் தூக்காமல், குதிகாலைப் பாயில் வழுக்கி நீட்டி மடக்கினாலே போதும். நடு வயிறு கூம்பினால் அன்றைக்கு அது வேண்டாம்.

5. எதிர்க் கை, எதிர்க் கால். விழிப்பது: முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், முதுகின் நீளத் தசைகள், உடல் திரும்பிவிடாமல் பிடிக்கும் சாய்வுத் தசைகள். குழந்தை தவழ்வது போல நாலு காலில் நில்லுங்கள். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி ஐந்து எண்ணுங்கள். மாற்றிச் செய்யுங்கள். இதற்கு உங்கள் கை காலியாக இருக்காது. வீட்டில் யாரையாவது முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குப்புறப் படுத்துக்கொண்டு கை கால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்குவதும் முதுகைப் பலப்படுத்தும். ஆனால் அதில் முதுகு மேல் விழும் பாரம் மிக அதிகம். ஆரம்பக்காரர்களுக்கு இதுவே நல்லது.

6. பக்கவாட்டுப் பலகை. விழிப்பது: தரைப் பக்கம் இருக்கும் சாய்வுத் தசைகளும் இடுப்புச் சதுரத் தசையும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மடக்கிய முழங்கால் தரையில் இருக்க, இடுப்பைத் தூக்குங்கள். மேல் கையால் கீழ் விலாவைத் தொட்டுப் பாருங்கள், முறுக்கிய கயிறு போல இருக்கும். முடியாதவர்கள் சுவர் ஓரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையைச் சுவரில் ஊன்றிச் சாயலாம். பத்து எண்ணும் நேரம், இரண்டு பக்கமும்.

7. நேர்ப் பலகை. இதில் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்வார்கள், தலைமை முன்பக்கத்துத் தசைகளுக்கு. தரையில் செய்ய அவசரப்படாதீர்கள். சமையல் மேடையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, காலைப் பின்னால் வைத்து, உடம்பைப் பலகை மாதிரி சாய்த்து நில்லுங்கள். பால் பொங்கும் வரை காத்திருக்கிறோமே, அந்த நேரம் போதும்! இடுப்பு தொய்ந்தால் தசை ஓய்ந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள்.

8. ஒரு கைச் சுமை. விழிப்பது: சுமைக்கு எதிர்ப்பக்கத்துச் சாய்வுத் தசையும் சதுரத் தசையும். ஐந்து கிலோ அரிசிப் பையை வலது கையில் பிடித்துக்கொண்டு சாயாமல் நடந்து, இடது விலாவில் கை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுப் பலகையில் இறுகிய அதே இடம் இறுகும்! அடுத்து இடது கையில் மாற்றிக்கொள்ளுங்கள். அளவான சுமையில் இது பயிற்சி. பெரிய சுமையானால் இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துக்கொள்வதே முதுகுக்கு நல்லது. குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தினம் எட்டையும் செய்ய வேண்டியதில்லை. முதல் மாதம் முதல் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் நாங்கள் செய்ததே இல்லை.

வீட்டு வேலையே போதாதா?

"எங்க காலத்துல அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு. இந்தப் பாய் விரிச்சுப் படுக்கிறதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார் என் மாமியார். நியாயமான கேள்விதான். கிணற்றில் வாளியை இழுக்கும்போதும், உலக்கையை ஓங்கும்போதும், இடுப்பில் குடத்தோடு நடக்கும்போதும் நடுவுடம்பு பிடித்து நிற்கத்தான் செய்தது. இன்று மிக்ஸியும் கிரைண்டரும் குழாயும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

ஆனால் அந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்பு வலியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பப்பை இறங்கிப்போய் யாரிடமும் சொல்லாமல் காலம் தள்ளியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். பிள்ளை பெற்ற சில வாரத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்கினால் எந்த உடம்பும் தளரத்தானே செய்யும்?

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் முதுகெலும்பின் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ளதைவிட மல்லாந்து படுக்கும்போது நாலில் ஒரு பங்குதான். குனிந்து பாரம் தூக்கும்போதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு! நாம் பயிற்சியைப் படுத்து ஆரம்பிக்கிற காரணம் புரிகிறதல்லவா?

ஆகவே தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும்போதும், நிறைந்த கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போதும் - அது சுமார் 30 கிலோ இருக்கும் - முழங்காலை மடக்குங்கள். சுமையை உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். தளத் தசையை மேலே இழுத்து, 'ஸ்ஸ்' என்று மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். பாயில் பழகியதை இப்படி வேலையில் கொண்டுவந்து சேர்த்தால்தான் பிரயோசனம். தும்மல் வரும்போதும் அதேதான். காலைப் பின்ன வேண்டாம், தளத்தைத் தூக்குங்கள்!

ஒரு எச்சரிக்கை

இந்தப் பயிற்சிகள் தொந்திக் கொழுப்பைக் கரைக்காது. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது தவறான நம்பிக்கை. அதற்கு நடையும் அளவான சாப்பாடும்தான் வழி. இவை தருவது பலம்.

சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவது போலத் தோன்றினால், தொப்புள் பக்கம் வலியோடு கட்டி தெரிந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ திடீரென்று கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்களுக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். ஐந்து மாதத்தில் என் பெண்ணின் இரண்டரை விரல் இடைவெளி ஒன்றேகால் விரலாயிற்று. அந்தப் பழைய சுடிதார் இன்னும் கொஞ்சம் பிடிக்கத்தான் பிடிக்கிறது. ஆனால் குழந்தையைத் தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது போயிற்று. சொட்டுவதும் நின்றுவிட்டது. எனக்கு முழுவதும் நின்றது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். தினமும் இருந்தது, இப்போது ஜலதோஷம் பிடித்தால் எப்போதாவது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். எத்தனையோ வருஷம் கழித்து!

அன்றிரவு மாமியார் விளக்கை அணைத்த பிறகு என் அறைக் கதவருகே வந்து நின்றார். "அந்தத் தளத் தசைன்னு ஏதோ சொன்னியே... எழுபது வயசுல அது கேட்குமா?" என்றார்.

"கேட்கும் அத்தே. வாங்க, படுங்க" என்றேன்.

எந்த வயதிலும் அது கேட்கும், சகோதரிகளே. இன்று இரவு படுத்ததும் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்து, மெதுவாக 'ஸ்ஸ்' என்று மூச்சை விட்டுப் பாருங்கள்.